இடைநின்ற கல்லூரிப் படிப்பைத் தொடர்வது எப்படி? குமரி மாவட்ட மாணவருக்கும் அவருக்குத் துணைநிற்பவருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே முதலிடம். வீட்டுக்கு ஒரு பட்டதாரியாவது இருக்கும் ஊர்களில், முதலாண்டிலேயே தேர்வில் தவறிப் படிப்பை விட்ட ஒருவர் படும் சங்கடம் பிற மாவட்டங்களைவிடக் கூடுதலானது. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் சர்ச் திருவிழாவிலும் "இப்ப என்ன படிக்கே?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். அதற்கு அஞ்சி அவர் ஊர்க்கூட்டங்களுக்குப் போவதை நிறுத்துவார்; பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு கடை வேலைக்கோ, வளைகுடா விசாவுக்கோ, அப்பாவின் படகுக்கோ போய்விடுவார். இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தபின் அந்தக் கேள்வியைக் கேட்பாரும் இருக்கமாட்டார்கள். இனிப் படிப்பு தமக்கில்லை என்று அவரும் நம்பத் தொடங்கியிருப்பார்.

கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்வது இது: இப்படி நின்றுபோனவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பிவர வழி இருக்கிறது, ஆனால் அந்த வழிகளில் சிலவற்றுக்குக் காலக்கெடு உண்டு. திரும்புவதற்குத் தேவைப்படுபவை இரண்டு. தம் நிலையைத் தாள்களைக் கொண்டு துல்லியமாக அறிந்துகொள்வது ஒன்று. அந்தத் தாள்களைத் தம்மோடு உட்கார்ந்து பார்க்கும் ஒரு பெரியவரைத் தேடிக்கொள்வது மற்றொன்று. மன உறுதி முதலில் வரவேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் அது இவ்விரண்டுக்கும் பின்னால்தான் வருகிறது.

முதல் படி: எங்கே நின்றோம் என்பதைத் துல்லியமாக அறிதல்

"நான் ஃபெயில்", "நான் டிஸ்கண்டினியூ" என்ற சொற்களுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நிலைகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு, செலவு வேறு, காலம் வேறு. ஆகவே மதிப்பெண் பட்டியல்களையும் பழைய ஹால் டிக்கெட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, கீழே சொல்லப்படுபவற்றில் தம் நிலை எது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று ஆண்டுகளும் வகுப்புக்குச் சென்று, எல்லாப் பருவங்களையும் (செமஸ்டர்களையும்) கடந்து, சில பாடங்களில் மட்டும் அரியர் வைத்திருப்பவர் ஒரு வகை. இவர் கல்லூரிக்குத் திரும்ப வேண்டியதே இல்லை. தேர்வுக்கு மட்டும் திரும்பினால் போதும். இதை அறியாமல், பட்டம் கைநழுவிவிட்டதாக எண்ணி வேலைக்குப் போனவர்களை நான் நிறையவே சந்தித்திருக்கிறேன். இவர்களுக்குப் பகை காலம் மட்டும்தான். இளநிலைப் படிப்பின் இயல்பான காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டுகளும், சிறப்புக் காரணம் இருப்பின் மேலும் ஓராண்டும் தரலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் பொதுவான வழிகாட்டுதல். அந்தக் காலம் கடந்தவர்களுக்கும் சில பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்புத் தேர்வு வாய்ப்பை அறிவிக்கின்றன. பழைய அரியர் மாணவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் அப்படி வாய்ப்பளித்தது பலருக்கு நினைவிருக்கும்.

இரண்டாம் வகையினர் நடுவில் நின்றவர்கள். வருகைக் குறைவால் தேர்வெழுத அனுமதி கிடைக்காதவர், நோயாலோ வீட்டு நிலைமையாலோ பருவத்தின் நடுவில் போவதை நிறுத்தியவர், ஒரு பருவத் தேர்வில் பெரும்பாலான பாடங்களில் தவறியபின் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிட்டவர் ஆகியோர் இதில் அடங்குவர். மூன்றாவதாகச் சொன்னவர் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பருவமுறையில் நடக்கும் கலை அறிவியல் படிப்புகளில், அரியர் இருப்பது அடுத்த பருவத்துக்குச் செல்வதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. தேர்வில் தவறியதால் ஒருவர் படிப்பை இழந்தார் என்று ஊரார் சொல்வது பெரும்பாலும் சரியல்ல. தவறியபின் போகாமல் இருந்ததால்தான் இழந்திருப்பார். வருகைக் குறைவு அப்படிப்பட்டதன்று. 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பதும், சற்றே குறைந்தால் கட்டணம் செலுத்தி விலக்குப் பெறலாம் என்பதும், மிகவும் குறைந்தால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும் என்பதும் தமிழகப் பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள விதி.

மூன்றாம் வகையினர், சேர்ந்த சில மாதங்களிலேயே விட்டவர்கள். குமரி மாவட்டத்தில் இவர்களில் கணிசமானோர் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, முதல் பருவக் கணிதத்திலும் இயற்பியலிலும் சறுக்கியவர்களாக இருக்கிறார்கள். இவர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டுமா என்பதைத் தீர யோசிக்க வேண்டும். கணிதம் கடினமாக இருப்பதால் மட்டும் விட்டவர் என்றால், ஆறு மாதம் நல்ல பயிற்சி பெற்றுத் திரும்பலாம். அந்தத் துறையிலேயே விருப்பமில்லாமல், அப்பா சொன்னதற்காகவோ அண்ணன் படித்ததற்காகவோ சேர்ந்தவர் என்றால், பி.காம். அல்லது பி.ஏ. வகுப்பில் புதிதாகச் சேர்வதே நலம். "ரெண்டு வருஷம் போச்சே" என்ற வருத்தம் வீட்டில் இருக்கும். விருப்பமில்லாத படிப்புக்குத் திரும்பி மீண்டும் ஒருமுறை விட்டு வந்தால், அந்த இரண்டு நான்காகும் என்பதைப் பெற்றோருக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பிலேயே தவறியவர் நான்காம் வகை. முடிவுகள் வந்த சில வாரங்களில் நடக்கும் துணைத்தேர்வும், பிந்தைய ஆண்டுகளில் தனித்தேர்வராக எழுதும் வாய்ப்பும் அவருக்கு உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலோ அரசு பாலிடெக்னிக் கல்லூரியிலோ சேரலாம். மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதால், இது சுற்றுவழி என்றாலும் கல்லூரிக்குப் போய்ச் சேரும் வழிதான்.

இரண்டாம் படி: துணைநிற்கும் பெரியவரைத் தேடுதல்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் பகுதி இது. படிப்பை விட்ட பிள்ளையைச் சுற்றி அறிவுரை சொல்பவர்கள் குறைவாக இருப்பதில்லை. அலுவலக வாசல்வரை உடன் வருபவர்கள்தான் குறைவு.

அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்திய ஆசிரியரிடம் முதலில் செல்லுங்கள். கல்லூரியில் உங்களை அறிந்தவர் யாரும் இல்லாமல் போயிருக்கலாம். பள்ளி ஆசிரியர் உங்களை நன்றாகப் படித்த காலத்தில் பார்த்தவர். குமரியில் பல பள்ளிகள் ஊரோடு ஒட்டியவை என்பதால், ஓய்வு பெற்ற ஆசிரியர்கூட நான்கு தெரு தள்ளித்தான் குடியிருப்பார். அடுத்து, கல்லூரியில் உங்கள் வகுப்புக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் அல்லது துறைத்தலைவர். அவர்மீது உங்களுக்கு மனக்குறை இருந்தாலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. உங்கள் வருகைப் பதிவும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் அவர் துறையில்தான் இருக்கின்றன. இவர்களில் எவரும் வாய்க்காவிடில், பங்குத்தந்தை, போதகர், ஜமாஅத் பெரியவர், ஊர் நூலகர், உங்கள் தெருவிலிருந்து முதலில் பட்டம் பெற்ற அக்கா, அதே கல்லூரியில் முதுகலை படிக்கும் அண்ணன் ஆகியோரில் ஒருவரை நாடலாம். பதவி முக்கியமன்று. படிவம் நிரப்பத் தெரிந்தவராகவும், தொலைபேசியை எடுப்பவராகவும், உங்கள் வீட்டாரால் மதிக்கப்படுபவராகவும் இருக்க வேண்டும்.

அவரிடம் "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்குப் பொதுவான பதிலே கிடைக்கும். "சார், எனக்கு நாலு பாடம் அரியர் இருக்கு. மார்க் ஷீட் கொண்டு வந்திருக்கேன். ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கும் மாணவரை அனுப்பிவிடும் ஆசிரியர் அரிது.

இனி, துணைநிற்க முன்வருபவருக்குச் சில சொற்கள். முதல் சந்திப்பில் ஏன் விட்டாய் என்று விசாரிக்க வேண்டாம்; அந்தக் கேள்வியை வீட்டிலும் ஊரிலும் அந்தப் பிள்ளை போதுமான அளவு கேட்டாயிற்று. வறுமையில் படித்து உயர்ந்தவர்களின் கதைகளையும் அன்றைக்குச் சொல்ல வேண்டாம். பெரிய வெற்றிகளைக் கேட்கும்போது, நான்கு பாடத்தில் தவறிய பிள்ளை தன் நான்கு பாடங்களை இன்னும் பெரிதாகக் காண்கிறது. "மக்ளே, அந்த மார்க் ஷீட்ட எல்லாம் எடுத்துட்டு வா, ரெண்டு பேருமா இருந்து பாப்போம்" என்று ஒரு ஆசிரியர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதைவிடச் சிறந்த ஊக்கமொழி எனக்குத் தெரியாது. அதில் ஒரு வேலையும் இருக்கிறது, உடன் இருப்பேன் என்ற வாக்கும் இருக்கிறது.

அந்த முதல் சந்திப்பில் மூன்று காரியங்கள் நடந்தால் போதும். எந்தெந்தப் பருவத்தில் எந்தெந்தப் பாடம் நிலுவை என்று ஒரு தாளில் எழுதுவது. அடுத்து யாரைப் பார்க்க வேண்டும், என்றைக்கு என்பதை முடிவு செய்வது. மீண்டும் சந்திக்கும் நாளைக் குறித்துக்கொள்வது. மாதம் ஒருமுறையேனும் அந்தச் சந்திப்பு தொடர வேண்டும். மாணவர் வராத மாதத்தில் பெரியவர் தாமே அழைக்க வேண்டும், ஏனென்றால் படிக்கவில்லை என்ற வெட்கத்தால்தான் அவர் வராமலிருப்பார். முதல்முறை விட்டபோதும் இதேதான் நடந்தது.

பெற்றோரிடம் பேசும் பொறுப்பும் துணைநிற்பவருடையதே. மகனோ மகளோ தானே கேட்டால் "இன்னும் எத்தன வருஷம்?" என்று வரும் கேள்வி, வெளியாள் ஒருவர் செலவையும் காலத்தையும் தாளில் எழுதிக்காட்டும்போது வருவதில்லை. திருமணப் பேச்சு தொடங்கிவிட்ட பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் அவசரமானது. மூன்று பாடம் எழுதினால் பட்டம் என்ற நிலையில் உள்ள பெண்ணுக்கு ஓராண்டு கேட்டு வாங்கித் தருவது, அந்தப் பெரியவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

மூன்றாம் படி: சான்றிதழ்களைத் திரட்டுதல்

பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவை அடிப்படை. வருமானச் சான்று பழையதாகியிருக்கும்; இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்க அது உதவும்.

பழைய கல்லூரியில் அசல் சான்றிதழ்கள் சிக்கியிருப்பது பலரைத் தடுத்து நிறுத்தும் காரணம். மீதக் கட்டணத்தைக் காட்டி மாணவரின் அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது. முதலில் நேரில் பணிவாகக் கேட்கவும். கிடைக்காவிட்டால் இந்த அறிவிப்பைக் குறிப்பிட்டுக் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கவும். எழுத்தில் கேட்டபின் பெரும்பாலும் காரியம் நகரும். நகராவிட்டால் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் முறையீட்டுக்கு அந்த நகலே சான்றாகும்.

மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தாலோ, புயல்மழையில் நனைந்து அழிந்திருந்தாலோ, காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை பெற்று, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் மதிப்பெண் பட்டியலின் நகல் பெறலாம். இதற்கு மாதங்கள் ஆகும். சேர்க்கைக் காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன செய்தீர்கள் என்பதற்குச் சில கல்லூரிகள் உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். முத்திரைத்தாளில் நோட்டரி ஒப்பத்துடன் தந்தால் போதும். வேலை பார்த்ததை மறைக்க வேண்டிய தேவை ஏதும் இல்லை.

நான்காம் படி: கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் மறுசேர்க்கை கேட்டல்

குமரி மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள், 1990இல் தொடங்கப்பட்டுத் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் இயங்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் வருகின்றன. இணைவுக் கல்லூரியில் படித்தவருக்குத் தேர்வையும் மறுசேர்க்கை அனுமதியையும் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிறது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, ஹோலி கிராஸ் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் கல்லூரிக்குள்ளேயே இருக்கும். யாரிடம் போக வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. பேருந்தேறி அபிஷேகப்பட்டிவரை போனபின், "கல்லூரி முதல்வர் வழியாக வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்படுவது வீண் அலைச்சல். எப்போதும் துறைத்தலைவர், பிறகு முதல்வர், அவர் பரிந்துரையோடு பல்கலைக்கழகம் என்ற வரிசையிலேயே செல்லுங்கள்.

நின்ற பருவம் எதுவோ அந்தப் பருவம் தொடங்கும்போதுதான் மீண்டும் சேர முடியும். மூன்றாம் பருவத்தில் நின்றவர் ஜூன், ஜூலை மாதங்களிலும், நான்காம் பருவத்தில் நின்றவர் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் சேர்க்கையைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தை அதற்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க நேரும்.

இடையில் பாடத்திட்டம் மாறியிருக்கலாம். அப்போது பழைய பாடத்துக்கு இணையான புதிய பாடம் எது, கூடுதலாக எழுத வேண்டியவை உண்டா என்பதைத் துறை குறித்துத் தரும். இதை வாய்மொழியாக மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். கையெழுத்திட்ட தாளாக வாங்கி வையுங்கள். துறைத்தலைவர் மாறினாலும் அந்தத் தாள் மாறாது. 2021ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கல்வி மதிப்பெண் வங்கித் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், முன்பு பெற்ற கிரெடிட்டுகள் (தேறிய பாடங்களுக்கான மதிப்பலகுகள்) உங்கள் கணக்கில் உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பழைய கல்லூரிக்குத் திரும்ப மனமில்லாதவர் புதிதாகச் சேரலாம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம் வழக்கமாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளை ஒட்டி மே மாதத்தில் திறக்கும். கோணத்தில் உள்ள அரசுக் கல்லூரியும் அதில் வரும். அரசுக் கல்லூரிகளில் வயது உச்சவரம்பும், பிரிவுக்கேற்ற தளர்வும் உண்டு என்பதால் அவ்வாண்டு விதிமுறைக் குறிப்பேட்டை முதலில் படிக்க வேண்டும். வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர் இடப்பெயர்வுச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: தினமும் போக முடியாதவர்களுக்கான வழி

வீட்டின் ஒரே வருமானம் தம்முடையது என்ற நிலையில் இருப்பவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி நேர்மையான வழி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் இதற்காகவே அமைக்கப்பட்டது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உண்டு. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணையானதாகவே கொள்ளப்படும். சேரும் முன், அந்தப் படிப்புக்கு அவ்வாண்டு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி அளித்திருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும்.

"ஒரே சிட்டிங்கில் டிகிரி", "ஆறு மாதத்தில் பட்டம்" என்ற சுவரொட்டிகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முன்பே ஒருமுறை சறுக்கிய பிள்ளைகளையும், பட்டம் கேட்கும் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் இளைஞர்களையும் குறிவைத்தே அவை ஒட்டப்படுகின்றன. அரசுப் பணிக்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை வேண்டும். இந்தக் குறுக்குவழிப் பட்டம் அந்த வாசலிலேயே நின்றுவிடும்.

ஆறாம் படி: பணம்

நம் மாவட்டத்தின் வருமானக் காலமும் கல்லூரிக் கட்டணக் காலமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மேற்குக் கடலோரத்தில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அதே மாதங்களில் தென்மேற்குப் பருவமழையால் அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டு தடைப்படுகிறது. கல்லூரிச் சேர்க்கையும் சரியாக அப்போதுதான் நடக்கிறது. கடலோர வீட்டிலும் தோட்டத் தொழிலாளர் வீட்டிலும், "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பாக்கலாம்" என்ற சொல் ஜூன் மாதத்தில் பிறப்பது இதனால்தான். பிள்ளைக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆகவே திரும்பச் சேர முடிவெடுத்த குடும்பம், ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை கையில் காசு புழங்கும் காலத்திலேயே அடுத்த ஆண்டுக் கட்டணத்தை அஞ்சலகத்திலோ கூட்டுறவு வங்கியிலோ தனியாகப் போட்டு வைக்க வேண்டும். கட்டணத்தை இரண்டு தவணையாகச் செலுத்த அனுமதி கேட்டு முதல்வருக்கு எழுதுவதும் வழக்கத்தில் உள்ளதே.

பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை வகுப்பினருக்கும் உதவித்தொகைகள் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. இடைவெளிக்குப் பின் சேர்பவர்கள் இவற்றுக்கான தகுதியைச் சேர்க்கை நாளன்றே கல்லூரிப் பொறுப்பு அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், மார்த்தாண்டம், திங்கள்நகர், நாகர்கோவில் பக்கம் படிக்கும் மாணவியரின் போக்குவரத்துச் செலவு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஏழாம் படி: அரியர் பாடங்களை வரிசைப்படுத்திப் படித்தல்

எட்டு அரியரையும் ஒரே பருவத்தில் எழுதி முடிப்பேன் என்று கட்டணம் கட்டுபவர்கள், பெரும்பாலும் இரண்டைக்கூட ஒழுங்காகப் படிப்பதில்லை. முதல் முறை மூன்று பாடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. காலக்கெடு நெருங்கியவர் மட்டும் விதிவிலக்கு. அந்த மூன்றில் ஒன்றாவது, முன்பு ஓரிரு மதிப்பெண்ணில் தவறிய பாடமாக இருக்கட்டும். தேர்ச்சி என்ற சொல்லை மதிப்பெண் பட்டியலில் மீண்டும் ஒருமுறை பார்ப்பது, அடுத்த பருவத்துக்கான வேகத்தை உண்மையாகவே தருகிறது.

ஒவ்வொரு பாடத்துக்கும் கடந்த ஐந்து ஆண்டு வினாத்தாள்களைக் கல்லூரி நூலகத்திலிருந்து எடுங்கள். பிரிவு வாரியாக எந்த அலகிலிருந்து எத்தனை வினா வந்திருக்கிறது என்று குறித்தால், ஐந்து அலகுகளில் எந்த மூன்றை ஆழமாகப் படித்தால் தேர்ச்சி உறுதிப்படும் என்பது தெரிந்துவிடும். இது தேர்ச்சிக்கான முறையே தவிரப் புலமைக்கான முறையன்று. ஆனால் அரியர் பாடத்தில் முதலில் வேண்டியது தேர்ச்சி.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது பகுதி இரண்டு ஆங்கிலத்திலும், துணைப்பாடமாக வரும் கணிதம் அல்லது புள்ளியியலிலும்தான். ஆங்கிலத்துக்கு நாளொன்றுக்கு ஒரு பத்தி வீதம் கையால் எழுதித் துணைநிற்பவரிடம் வாரம் ஒருமுறை திருத்தம் வாங்குங்கள். மனப்பாடம் செய்த விடை, வினா சற்று மாறினாலே கைவிட்டுவிடும். சொந்தமாக எட்டு வாக்கியம் எழுதத் தெரிந்தவர் எந்த வினாவிலும் ஏதாவது மதிப்பெண் பெறுவார். கணிதத்தில் குறை பெரும்பாலும் கல்லூரிப் பாடத்தில் இருக்காது; பதினொன்றாம் வகுப்பு வகைநுண்கணிதத்தில்தான் இருக்கும். பள்ளிப் பாடநூலின் அந்த அத்தியாயங்களை ஒரு மாதம் செய்துவிட்டு வந்தால், கல்லூரிப் புத்தகம் திறந்துகொள்ளும். முன்னாள் பள்ளி ஆசிரியரைத் துணையாகப் பெற்றிருப்பதன் பயன் இங்கே நன்றாகத் தெரியும்.

வீட்டில் இடமில்லாதவர்களுக்கு நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது; ஊர்தோறும் கிளை நூலகங்களும் உண்டு. எதிர்பார்த்த மதிப்பெண் வராதபோது, சோர்ந்து போகாமல் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கிப் பாருங்கள். எங்கே மதிப்பெண் போயிற்று என்பதை ஆசிரியரோடு அமர்ந்து பார்ப்பது, மறுமதிப்பீட்டில் கிடைக்கும் ஓரிரு மதிப்பெண்ணைவிடப் பயன் தரும். ஆனால் அதற்கான கடைசி நாள் முடிவுகள் வந்த சில நாட்களிலேயே முடிந்துவிடும்.

எட்டாம் படி: திரும்பிய முதல் பருவத்தைக் கடத்தல்

வகுப்பில் எல்லோரும் வயதில் இளையவர்களாக இருப்பார்கள். அவர்களில் சிலர் "அண்ணா", "அக்கா" என்று அழைப்பார்கள். அது விலக்கி வைப்பதற்கான சொல்லன்று. அதை ஏற்றுக்கொண்டு குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். முதல் ஆறு வாரங்கள்தான் கடினமானவை. இந்தக் காலத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் இருக்க முயல வேண்டும், ஏனெனில் விட்டுப்போகும் பழக்கம் ஒற்றை நாளிலிருந்தே மீண்டும் தொடங்குகிறது. மலையோர ஊர்களிலிருந்து வருபவர்கள் முதல் பேருந்து தவறினால் இரண்டாம் பேருந்தில் வந்து மீதி வகுப்புகளிலாவது அமர வேண்டும். துணைநிற்பவர் இந்த ஆறு வாரங்களில் வாரம் ஒருமுறை பேசுவது நல்லது.

தூக்கமின்மை, எதிலும் பற்றின்மை, வாழ்வு வேண்டாம் என்ற எண்ணம் போன்றவை இருந்தால், அது படிப்புப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் ஆலோசகர்களோடு எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். துணைநிற்பவர் உடன் சென்று வந்தால் இன்னும் நல்லது.

ஒன்பதாம் படி: பட்டத்தைக் கையில் வாங்குதல்

கடைசிப் பாடமும் தேறியபின் ஒரு வேலை மீதமிருக்கிறது. ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பல பருவங்களில், பல ஆண்டுகளில் தேறியவர்களின் மதிப்பெண்கள் ஒருங்கிணைந்த பட்டியலில் ஒன்றிரண்டு விட்டுப்போவதுண்டு. பருவப் பட்டியல்களோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கவும். பெயரையும் அப்போதே சரிபாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஓரிடத்தில், பள்ளிப் பெயர் ஓரிடத்தில், அப்பா பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் என்று நம் மாவட்டத்தில் பெயர்கள் மாறிவருவது வழக்கம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பட்டத்திலும் இருக்க வேண்டும். பின்னாளில் பாஸ்போர்ட்டுக்கும் அரசுப் பணிக்கும் செல்லும்போது அந்த ஓர் எழுத்தே தடையாக நிற்கும். பிழை இருந்தால், சான்றிதழ் அச்சாகும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் திருத்த விண்ணப்பம் கொடுத்து, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.